முதல் கவளத்தில் அஷ்ட சூரணம்: கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் ஆயுர்வேதம் பார்த்து வருகிறேன். எங்கள் பகுதியில் வயிறு உப்பினால் பலர் முதலில் தேடுவது அஷ்ட சூரண டப்பாவைத்தான். நல்ல மருந்து. ஆனால் எடுக்கிற நேரமும் எடுக்கிற ஆளும் தப்பாகப் போய்விடுகிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

அஷ்ட சூரணம், ஹிங்குவாஷ்டகம் என்று இரண்டு பெயரில் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றா? என்ன சேர்கிறது?

ஒன்றுதான். ஹிங்கு என்றால் பெருங்காயம். அது தலைமை தாங்கும் எட்டுச் சரக்கு என்று பொருள். சுக்கு, மிளகு, திப்பிலி, அஜமோதா, இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம். வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் குல்ம சிகிச்சை சொல்லும் இடத்தில் ஒரே சுலோகத்தில் முழுச் செய்முறையும் வந்துவிடுகிறது. வாத குல்மம் என்பது வயிற்றில் வாயு திரண்டு உருண்டை போல முட்டுவது. அதற்கும் பசி மந்தத்துக்கும்தான் இந்தப் பொடி.

அஜமோதாவுக்குப் பதில் நம் கடைகளில் ஓமம் சேர்ப்பார்கள். கருஞ்சீரகம் என்ற இடத்தில் வடக்கே ஷாஹி ஜீரா என்ற வேறு வகைச் சீரகம் போடுவதும் உண்டு. அதனால்தான் கம்பெனிக்குக் கம்பெனி வாசனை மாறுகிறது. கலப்படம் என்று பயப்பட வேண்டாம்.

மூன்று மாதமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறேன். உப்புசம் குறையவே இல்லை. ஏன்?

அந்தச் சுலோகத்திலேயே பதில் இருக்கிறது. "பிரதம கவளம்" என்றும் நெய்யோடு என்றும் சொல்கிறது. அதாவது சாப்பாட்டின் முதல் கவளத்தில், நெய் சேர்த்து. சாப்பிட்டு முடித்து வயிறு கனத்த பிறகு அடுப்பை ஊதி என்ன பயன்? இலையில் உட்காரும்போதே தீ எரிய வேண்டும்.

சூடான சோறு ஒரு பிடி எடுங்கள். உருக்கிய நெய் ஒரு டீஸ்பூன், பொடி அரை டீஸ்பூன். நன்றாகப் பிசைந்து முதல் மூன்று நான்கு வாயாக, மென்று சாப்பிடுங்கள். அப்புறம் வழக்கமான சாப்பாடு. காரமும் வாசனையும் நாக்கில் பட்ட உடனேயே எச்சில் ஊறுகிறது, இரைப்பையும் சுரக்கத் தொடங்குகிறது. வெந்நீரில் கலக்கி ஒரே மடக்கில் விழுங்கினால் இந்த வேலை பாதி நடக்காது. நெய் வெறும் துணைக்கு அல்ல. எட்டில் பெரும்பாலானவை காரமும் வறட்சியும் உள்ளவை. வெறும் பொடியாகப் போனால் வயிற்றைக் காந்தும். நெய் அதைத் தணிக்கிறது, வாயுவையும் அடக்குகிறது. நெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் புளிக்காத மோரில் எடுக்கலாம். அது எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை. இப்படிப் பத்து நாள் எடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்திலும் மாற்றம் இல்லையென்றால் பொடியைக் கூட்டாதீர்கள். உப்புசத்துக்கு வேறு காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

எனக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம். பக்கத்து வீட்டு மாமி இதைச் சாப்பிடச் சொன்னார்கள்.

வேண்டாம். மாமிக்கு வாயு, உங்களுக்குப் பித்தம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் எரிச்சலைக் கூட்டும். அல்சர் இருந்தவர்களும் தொடக்கூடாது. உங்களுக்கு இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடிப்பதும், சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பதும்தான் முதல் மருந்து.

அப்பாவுக்கு 58 வயது. நடந்தால் நெஞ்சுக்குழியில் அடைப்பது போல இருக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. கேஸ் என்று அஷ்ட சூரணம் கொடுக்கிறோம். எவ்வளவு நாள் கொடுக்கலாம் டாக்டர்?

தம்பி, இன்றே இதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்தால் வந்து, நின்றால் போகிற அடைப்பைக் கேஸ் என்று சொல்லவே கூடாது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறி அது. இசிஜி மட்டும் போதாது. உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற இசிஜி சரியாகவே வரலாம், அதை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். வியர்வை, இடது கை அல்லது தாடை வலி, மூச்சு வாங்குதல் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இப்படித்தான் ஓமத் தண்ணீரும் சூரணமுமாக ஒரு ராத்திரியைக் கடத்தினார். விடிகாலையில் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. அந்த ராத்திரியே என்னைக் கூப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருப்பேன். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

இதோடு இன்னொன்று. காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, விழுங்கும்போது அடைப்பது, ஐம்பதைத் தொடும் வயதில் புதிதாக அஜீரணம் தொடங்குவது, இவற்றுக்கும் பொடி கிடையாது. எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

வீட்டில் அரைக்க முடியுமா? அளவு சொல்லுங்கள்.

தாராளமாக. பெருங்காயம் தவிர ஏழும் ஐம்பது கிராம் வீதம் சம அளவு. பெருங்காயத்தில்தான் வைத்தியர்களுக்குள் இரண்டு கட்சி. மூலத்தில் "எட்டாவது பெருங்காய பாகம்" என்று வருவதை, எட்டாவது சரக்காகச் சம அளவு என்று சிலர் படிக்கிறார்கள். எட்டில் ஒரு பங்கு என்று சிலர் படிக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. மற்ற ஏழும் ஐம்பது கிராம் வீதம் என்றால், மொத்தத்துக்கும் ஆறு கிராம் பெருங்காயம் போதும். சம அளவு போட்ட பொடியை வாயில் வைக்க முடியாமல் பாதியிலேயே நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

சுக்கின் தோலைச் சீவிவிடுங்கள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். பெருங்காயத்தை நெய்யில் பொரித்துக்கொள்ளுங்கள். இந்துப்பைத் தனியாக, ஈரம் போக வறுத்தெடுங்கள். மற்றவற்றை இளஞ்சூட்டில் வாசனை வரும்வரை வறுத்தால் போதும், கருகக் கூடாது. ஆறிய பிறகு அரைத்து, துணியில் சலித்து வையுங்கள். இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர்.

பெருங்காயம் வாங்கும்போது கவனம். மஞ்சள் டப்பாவில் வருவது கூட்டுப் பெருங்காயம். மைதாவும் கருவேலம் பிசின் போன்றவையும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது முக்கியம். நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேளுங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசின் அது. இந்தியாவில் இதைப் பயிரிட 2020-ல்தான் இமாச்சலத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள்.

எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்?

சூரணத்துக்கு இரண்டு மாதம்தான் வீரியம் என்கிறது சார்ங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல். கடை டப்பாவில் இதைவிட நீண்ட காலாவதித் தேதி இருக்கும். கெட்டுப்போகாது என்பது வேறு, வாசனை நிற்பது வேறு. உப்பு சேர்ந்ததால் மழைக்காலத்தில் கட்டி தட்டும். கொஞ்சமாக அரைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள்.

பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. எடுக்கலாமா மேடம்?

சுகருக்குத் தடையில்லை, இனிப்பு எதுவும் சேரவில்லை. பிரஷருக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். மூன்று கிராம் பொடியில் ஏறக்குறைய 0.4 கிராம் உப்பு இருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், "பிரஷருக்கு நல்ல உப்பு" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பொடி எடுக்கும் வேளையில் ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

வேறு ஆங்கில மருந்துகளோடு?

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பெரின் சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டிவிடும். வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் எடுப்பவர்கள் தாங்களாகச் சேர்க்க வேண்டாம்.

பால் குடித்தால் மட்டும் வயிறு கடகடவென்று உருளுகிறது. இந்தப் பொடி போதுமா?

போதாது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயதாக ஆக நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அதை எந்தச் சூரணமும் திருப்பித் தராது. இரண்டு வாரம் பாலையும் பால் காப்பியையும் நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

கர்ப்பமாக இருக்கிறேன் அக்கா, ஐந்தாம் மாதம். உப்புசம் தாங்கவில்லை.

இந்தப் பொடி இப்போது வேண்டாம்மா. பெருங்காயமும் கருஞ்சீரகமும் மருந்தளவில் சேர்கின்றன. சீரகத் தண்ணீர் குடிக்கலாம். சாப்பாட்டைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரசத்தில் போடும் சிட்டிகைப் பெருங்காயத்துக்குப் பயப்பட வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

மலச்சிக்கலுக்கு ராத்திரி இரண்டு ஸ்பூன் சாப்பிடுகிறேன். சரிதானே?

திரிபலாவோடு குழப்பிக்கொண்டீர்கள். ராத்திரி எடுப்பது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலா. அஷ்ட சூரணம் மலத்தை இளக்காது, அதிகமானால் வறட்சியில் சிக்கல் கூடும். இன்றைக்கே நிறுத்திவிட்டு, தண்ணீரும் கீரையும் எவ்வளவு சேர்க்கிறீர்கள், மலம் எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் திரிபலாவே வேண்டுமா என்று சொல்ல முடியும்.