கேள்வி-பதில்: பழைய ரிவால்வர் வாங்கியவர்களின் கடிதங்கள்

கேள்வி: கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் ஒன்று வாங்கினேன். அதில் 1871, 1872, 1875 என மூன்று தேதிகள் பொறித்திருக்கின்றன. '1871-ல் செய்தது' என்று விற்றவர் எழுதியே கொடுத்திருக்கிறார். சரிதானா?

பதில்: 1871-ல் செய்த துப்பாக்கியில் 1875-ஐ யார் பொறித்தார்கள்? பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

அவை காப்புரிமை கிடைத்த தேதிகள். 1871 செப்டம்பர் 19, 1872 ஜூலை 2, 1875 ஜனவரி 19. இந்த மாடல் வெளிவந்ததே 1873-ல்தான். அதே தேதிகளை இருபதாம் நூற்றாண்டில் செய்தவற்றிலும் பொறித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அந்தத் தேதிகள் சொல்வது ஒன்றுதான்: கடைசித் தேதிக்கு முன்னால் இது செய்யப்படவில்லை. எவ்வளவு பின்னால் என்பதற்கு அவை பதில் சொல்லாது. இது தெரிந்தும் மிகப் பழைய தேதியை மட்டும் விளம்பரத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தெரியாமல் செய்கிறவர்கள் குறைவு.

வயதுக்கு வரிசை எண்ணைப் பாருங்கள். இந்த மாடலில் சட்டகத்தின் அடியிலும், விசைக் காப்பு வளையத்திலும், கைப்பிடியின் பின்பட்டையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அப்புறம் சட்டகத்தின் முன்பக்கம். சிலிண்டரின், அதாவது தோட்டா ஏறும் சுழல் உருளையின், அச்சைப் பிடித்து நிறுத்துவது முன்னாலிருந்து ஏறும் திருகு என்றால் பழைய அமைப்பு. பக்கவாட்டில் அழுத்தும் ஸ்பிரிங் பொத்தான் என்றால் பிந்தையது. மாற்றம் 1896-ஐ ஒட்டி நடந்தது. வரிசை எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால், எப்போது தொழிற்சாலையை விட்டுப் போனது என்று பதிவேட்டைப் பார்த்து நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கடிதம் தரும். விற்றவர் எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது.

என்னிடமும் அப்படி ஒரு தாள் இருக்கிறது. 1870 போரில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி வைத்திருந்தது என்று சொல்லி ஒரு லெஃபோஷோ வகை ரிவால்வரை என் தலையில் கட்டினார்கள். தோட்டாவின் பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. கதை பொருந்தியது, பிரெஞ்சுக் கடற்படை அந்த வகையை 1858-ல் ஏற்றது உண்மை. ஆனால் சிலிண்டரில் நீள்வட்டத்துக்குள் ஈஎல்ஜி என்ற எழுத்தும் அதன்மேல் ஒரு கிரீடமும் இருக்கின்றன. அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலை முத்திரை. கிரீடம் அதில் சேர்ந்தது 1893-ல்.

கேள்வி: என் கோல்ட் நேவியின் சிலிண்டரைச் சுற்றிக் கப்பல் படம். '1843 மே 16' என்றும் இருக்கிறது. அப்படியானால் இது 1843-ஆ?

பதில்: அது சண்டை நடந்த நாள். டெக்சஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் மோதியது. நேவி மாடல் வந்ததே 1851-ஐ ஒட்டித்தான்.

கேள்வி: ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரின் சிலிண்டரை வெளியே தள்ளினால், அதைத் தாங்கும் கையில் ஒரு எண் தெரிகிறது. எந்தப் பட்டியலோடும் ஒத்துப்போகவில்லை.

பதில்: ஒத்துப்போகாது. அது தொழிற்சாலையில் பாகங்களை ஜோடி சேர்க்கப் போட்ட எண். வரிசை எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். பிடியின் கட்டை மறைத்திருந்தால் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் தாத்தா வைத்திருந்தது என்று சொல்லி ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வரைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முதல் ரிவால்வர் 1965-ல் வந்தது. தாத்தாக்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முத்திரைகள் மங்கலாக இருந்தன. தெளிவாகத் தெரியட்டும் என்று எமரி தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டேன். இப்போது ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: தெரியாதுதான். தேய்த்தது அழுக்கை அல்ல, எழுத்தை. பழைய மேற்பூச்சும் போயிற்று, விலையில் பெரும்பகுதியும் போயிற்று. மங்கல் முத்திரைக்கு ஒரு சொட்டு எண்ணெய், மென்மையான துணி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச் வெளிச்சம் போதும். எழுதிக் கேட்டிருக்கலாம்; தேய்த்த பிறகு கேட்கிறீர்கள்.

கேள்வி: ஓய்வுப் பணத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டது என்று ஒரு 1851 நேவி வாங்கினேன். பித்தளைச் சட்டகம், குழல் அளவு .44. சான்றிதழ்கூடத் தந்தார்கள். நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். அவமானமாக இருக்கிறது.

பதில்: அவமானம் உங்களுக்கு இல்லை, சான்றிதழ் அச்சடித்தவருக்கு. நண்பரைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நன்றாகச் செய்த நகலில் பழகிய கண்களும் ஏமாறும்.

கோல்ட் செய்த 1851 நேவிக்கு இரும்புச் சட்டகம், .36 அளவு. தென்மாநிலங்களில் பித்தளைச் சட்டகத்தோடு போலச் செய்தவையும் .36-தான். நேவி உருவம், பித்தளை, .44 மூன்றும் சேர்ந்தால் அது பிற்கால நகல். இத்தாலியில் இவற்றை 1950-களின் இறுதியிலிருந்து ஏராளமாகச் செய்தார்கள். நகல் செய்ததில் தப்பில்லை, நகல் என்று சொல்லியே விற்கும் வரைக்கும். குழலின் அடியிலும் சட்டகத்திலும் நட்சத்திரத்தின் கீழ் பிஎன் (PN) என்ற இத்தாலியச் சோதனை முத்திரையையும், சின்னக் கட்டத்துக்குள் ஆண்டுக் குறியையும் தேடுங்கள். ரோமன் எண்ணில் இருபது என்றால் 1964. ஏஏ என்ற இரட்டை எழுத்து என்றால் 1975. அந்த இடத்தில் அரம் போட்ட தடம் தெரிந்தால் இன்னும் நல்லது, உங்கள் வழக்குக்கு. தெரிந்தே மறைத்ததற்கு அதுவே சாட்சி.

விளம்பரம், சான்றிதழ், பணம் கட்டிய ரசீது மூன்றையும் நகலெடுங்கள். பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். பணம் வருமுன் துப்பாக்கியைக் கையை விட்டு விடாதீர்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் வழக்கு. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் இன்றே ஆட்சேபம் தெரிவியுங்கள், அதற்குக் கெடு உண்டு.

கேள்வி: 1898 அல்லது அதற்கு முன் செய்ததென்றால் உரிமம் வேண்டாமாமே?

பதில்: அது அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தின் கணக்கு. உங்கள் நாட்டின் கணக்கு வேறாக இருக்கலாம்; சில நாடுகளில் எந்தத் தோட்டா ஏறும் என்பதையும் பார்ப்பார்கள். உரிமம் தரும் அலுவலகத்தில் கேளுங்கள், வாங்குவதற்கு முன்.

கேள்வி: 1880-களின் ரிவால்வர், பளபளவென்று இருக்கிறது. ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. அது கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்துக்குச் செய்தது. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் சிலிண்டர் பிளந்துவிடலாம். உள்ளே ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று முதலில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.