ஒன்பதாம் மாத ஊசியும் ஆட்டிசம் பயமும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் போட்டால் ஆட்டிசம் வரும், இரண்டு வயதுக்கு மேல் போட்டுக்கொள்ளலாம் என்று நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். பாப்பாவுக்கு லேசாகச் சளியும் இருக்கிறது. தள்ளிப்போடலாமா டாக்டர்?

பதில்: தள்ளிப்போட வேண்டாம் அம்மா. லேசான சளி, இருமலுக்காக இந்த ஊசியை நிறுத்தத் தேவையில்லை. காய்ச்சல் கொதித்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சரியானதும் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஆட்டிசம். நாத்தனார் அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். இந்தப் பயம் 1998-ல் லண்டனில் கிளம்பியது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டரின் குழுவினர் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் எழுதிய அந்தக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிடவே இல்லை. 2010-ல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, வேக்ஃபீல்டின் டாக்டர் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஊசி போடும் குழந்தைகள் நூற்றுக்கு 80 பேர் என்ற அளவுக்குக் குறைந்து, தட்டம்மை திரும்ப வந்துவிட்டது. நம் ஊரிலும் 2017-ல் நடந்த தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியால் பல பெற்றோர் தயங்கினார்கள்.

பெரிய அளவில் இதைச் சோதிக்க டென்மார்க் தோதான நாடு. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் உண்டு. எந்தத் தேதியில் ஊசி போட்டார்கள், ஆட்டிசம் என்று எப்போது கண்டுபிடித்தார்கள், எல்லாம் அந்த எண்ணில் ஏறிவிடும். ஆன்டர்ஸ் ஹ்வீத் என்ற ஆய்வாளரின் குழு 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை அலசி, 2019-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 6,517 பேருக்கு ஆட்டிசம். ஊசி போட்டவர்களுக்கு அது கூடுதலாக வரவில்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள், அங்கேயும் அதே பதில்தான். என்னை மிகவும் நம்ப வைத்தது இந்த இடம். (அங்கே போடுவது பொன்னுக்கு வீங்கி மருந்தும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசி.)

'ஊசி போட்ட பிறகுதான் பேச்சு நின்றது' என்று கண்ணீரோடு சொல்லும் பெற்றோர் பொய் சொல்வதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது போன்ற அடையாளங்கள் ஒன்று, ஒன்றரை வயதில்தான் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டாவது தவணை ஊசியும் அதே சமயத்தில் வருகிறது.

நிஜமான பக்கவிளைவைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம். அபூர்வமாகக் காய்ச்சலோடு வலிப்பு வரும். வந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

இரண்டு வயது வரை காத்திருப்பது ஏன் தப்பு? உங்களிடமிருந்து பாப்பாவுக்குக் கிடைத்த எதிர்ப்பு சக்தி இந்நேரம் கரைந்துபோயிருக்கும். தட்டம்மை வந்தால் நிமோனியா வரை இழுத்துப்போவது இந்தச் சின்ன வயதில்தான்.

புதன்கிழமை ஒன்றைக் கவனியுங்கள். இந்த மருந்து பொடியாக வரும். கரைத்த 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எத்தனை மணிக்குக் கரைத்தது என்று செவிலியரிடம் தாராளமாகக் கேளுங்கள். வலது மேல்கையில் போடுவார்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். தடுப்பூசி அட்டையில் தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 16-ம் மாதம் முடிந்ததும் அதே அட்டையோடு இரண்டாவது தவணைக்குப் போக வேண்டும்.