அசைன்மென்ட்டும் ஈர நெல்லும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். இரண்டு வருடமாக அசைன்மென்ட்கள் பிழையே இல்லாமல் வருகின்றன. வகுப்பில்தான் பேச்சு மூச்சு இல்லை. போன வாரம் ஒரு மாணவனிடம் அவன் எழுதிய வரியையே காட்டி, "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். சாட்ஜிபிடி வந்தபிறகு பிள்ளைகள் படிப்பிலிருந்தே கழன்றுகொண்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனால், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், ராத்திரி அதனிடம் தமிழில் கேட்டுத்தான் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது) புரிந்தது என்கிறாள். தடுப்பதா, விடுவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் வகுப்பின் மௌனத்துக்கு முழுப் பழியையும் 2022 நவம்பரில் வந்த ஒரு மென்பொருள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. நான் படித்த காலத்திலும் கடைசி மூன்று பெஞ்சுகள் இப்படித்தான் இருந்தன. சீனியரின் அசைன்மென்ட்டை வாங்கி அப்படியே எழுதிக் கொடுப்போம். இன்டர்னல் 25 மார்க்குக்கான சடங்கு அது. வாங்கி வைத்தவரும் படித்ததில்லை. ஆனால் ஒன்று, பார்த்து எழுதினாலும் கை வலிக்கும், நாலு வரியாவது மண்டையில் தங்கும். இப்போது அந்த நாலு வரியும் போயிற்று.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2025இல் வெளியானது. கணக்குப் பயிற்சியின்போது சாதாரண ஏஐயை வைத்துக்கொண்டவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த ஏஐயைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள்தான், கணக்குதான். இருந்தாலும் உங்கள் மாணவனும் அந்தப் பெண்ணும் இரண்டு பேருமே இதில் இருக்கிறார்கள். அவன் வேலையைத் தள்ளிவிட்டான், அவள் சந்தேகம் கேட்டாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கலாம். அறுபது பேர் நடுவே எழுந்து கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் ராத்திரி பதினொரு மணிக்கு இல்லை. அவளிடமிருந்து ஏஐயைத் தடுக்கச் சொன்னால் நான் கூட வரமாட்டேன்.

சரி, அந்தப் பையனை என்ன செய்வது? கேள்வியை மாற்றிப் பாருங்கள். 'குறைந்தபட்ச ஆதரவு விலை, விளக்குக' என்று கொடுத்தால் எந்த இயந்திரமும் நாலு பக்கம் தரும். அரசு நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதும் அதற்குத் தெரியும். மாசியில் உங்கள் ஊர் டிபிசி (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து எத்தனை நாள் காத்திருந்தார்கள், திடீர் மழைக்குப் போர்த்திய தார்ப்பாய் யாருடையது, காயவைத்த கூலியைக் கழித்தால் ஒரு சிப்பத்துக்குக் கையில் என்ன நின்றது? இதற்கு அவன் அப்பாவிடமோ பக்கத்து வீட்டு மாமாவிடமோ போய்த்தான் ஆகவேண்டும். எழுதும்போது ஏஐயை வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை. கதை கட்டிக்கொண்டு வந்தால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வான். அந்தக் களத்தை நீங்களும் பார்த்தவர்தானே.

அறுபது பேரையும் நிறுத்திக் கேட்க உங்களுக்கு நேரமிருக்காது, தெரியும். ஒரு தடவைக்கு ஐந்து பேர் போதும். யார் அந்த ஐந்து என்று மட்டும் முன்கூட்டித் தெரியக்கூடாது.

அப்புறம், அந்தப் பெண் சம்மதித்தால், ராத்திரி அவள் கேட்ட கேள்விகளைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நடத்தியதில் எந்த இடம் அவளுக்கு இடறியது என்பது அதில் இருக்கும். அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம், அவள் பெயரைச் சொல்லாமல்.