வாசிப்பு வகுப்பு: நீங்கள் கேட்டவை

24 ஆண்டுகளாக மொழி வகுப்பு எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பன்னிரண்டாம் வகுப்பில் செய்யுளும் நடத்தியிருக்கிறேன். வாசிப்பு, இலக்கிய வகுப்புச் செயல்பாடுகள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சர், இந்த ஆண்டுதான் வேலையில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு பத்தி என்று வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்கிறேன். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கவனிப்பதே இல்லை.

பதில்: அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தன் பங்குக்கு வரும் பத்தியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் முணுமுணுத்துப் பார்ப்பார்கள். தன் முறை முடிந்ததும் பாடமும் முடிந்தது. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைக்கோ எல்லோர் முன்னாலும் அவமானம். இந்த முறையை நான் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

முதலில் நீங்கள் ஒருமுறை நன்றாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை. பிறகு இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் விரலால் வரியைத் தொடர்ந்து வரட்டும். ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் வரும் என்று வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் 'இன்னொரு தடவை வாசி' என்று சும்மா சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் அலுப்புத்தான் வரும். அதற்கு ஒரு காரணம் வேண்டும். பாடத்தில் உரையாடல் இருந்தால் வானொலி நாடகம் மாதிரி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம், வேஷம் வேண்டாம். கையில் புத்தகமும் குரலும் போதும். வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், அதே பகுதியை அவர்களாகவே பத்து முறை வாசிப்பார்கள்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. கெ, கே, கொ, கோ எல்லாவற்றையும் குழப்புகிறான். எழுத்து தெரியவில்லையா, கவனம் இல்லையா?

பதில்: கவனக்குறைவு இல்லை அம்மா. 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் 'க்' முதலில் வருகிறது, 'எ' பின்னால் வருகிறது. எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். கண் ஒரு வரிசையில் போக, வாய் வேறு வரிசையில் போக வேண்டியிருக்கிறது. அவன் திணறுவது இயல்புதான்.

நான்கு அட்டைகள் செய்யுங்கள்: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, க, துணைக்கால். பக்கத்தில் 'டு' என்று இன்னொரு அட்டை. கொம்பையும் காலையும் நகர்த்தி நகர்த்தி அவனே சொல் செய்யட்டும்: கெடு, கேடு, கொடு, கோடு. ஒரு குறி மாறினால் பொருளே மாறுகிறது என்று அவன் கையால் தெரிந்துகொள்கிற இடம் அது. காலை மட்டும் வைத்தால் 'காடு' வருவதை என் வகுப்பில் ஒரு சிறுமி தானே கண்டுபிடித்துவிட்டு, இனிமேல் அட்டையைத் தரமாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். 216 உயிர்மெய்யையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: ஒரு மாணவி தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். 'என்ன புரிந்தது?' என்று கேட்டால் விழிக்கிறாள்.

பதில்: ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் மாணவிக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதில் எது குறைகிறது என்று பாருங்கள். அதே பத்தியை நீங்கள் வாசித்துச் சொன்னாலும் புரியவில்லை என்றால் சொற்களோ விஷயமோ அவளுக்குப் புதிது. அப்படியானால் வாசிப்பதற்கு முன் பத்து நிமிடம் அந்த விஷயத்தைப் பேசுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால், அவள் உச்சரிப்பிலேயே முழு மூச்சாக இருக்கிறாள்.

இரண்டு வகைக்கும் நால்வர் குழு உதவும். ஒரு பத்தி வாசித்ததும் ஒருவர் அதைச் சுருக்கிச் சொல்ல வேண்டும், ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் புரியாத சொல்லை எடுத்துப் போட வேண்டும், ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பத்திக்கு வேலை கைமாறும். பாலின்சர், ஆன் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984-இல் விவரித்த முறை இது. முதல் இரண்டு வாரம் நீங்களே குழுவில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'இதன் தலைப்பு என்ன?' என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருக்கும்.

கேள்வி: செய்யுள் என்றாலே ஒன்பதாம் வகுப்பு முகம் சுளிக்கிறது. பதவுரை, பொழிப்புரை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா மேடம்?

பதில்: இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

உரையை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளை செய்யுளைப் பார்ப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. அதனால் பிரிக்காத வரியைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன். அதற்கும் முன்னால் ஐந்து நிமிடம் சொல் விளையாட்டு: பலகை, தாமரை, மாவிலை. பலகையா, பல கையா? தாமரையா, தா மரையா? மா இலையா, மா விலையா? வகுப்பு சூடு பிடித்துவிடும்.

அப்புறம் வரி. வகுப்புக்காக நானே எழுதிக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன்:

வானிலொளியில்லை வழியிலாளில்லை

முதல் பாதியை எல்லோரும் பிரித்துவிட்டார்கள்: வானில் ஒளி இல்லை. இரண்டாம் பாதியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், 'வழி இலாள் இல்லை' என்றான். வழியற்றவள் என்று யாரும் இல்லை, எல்லோருக்கும் ஒரு வழி உண்டு என்று பொருளும் சொன்னான். இலக்கணப்படி அவன் சொன்னதில் பிழையே இல்லை. முன்வரிசைப் பெண்கள் விடவில்லை, 'வழியில் ஆள் இல்லை' என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எது சரி என்று எப்படி முடிவு செய்வது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி எழுந்து, 'முன்பாதியில் வானில் என்று இடம் வருகிறது, அப்போது பின்பாதியிலும் வழியில் என்று இடம்தான் வரணும், இருட்டும் ஆளில்லாத வழியும் சேர்ந்து வருது' என்றாள். பையன் முன்பாதியை மறுபடி வாசித்துவிட்டு ஒத்துக்கொண்டான், ஆனால் தன் பொருளில் தனியாக ஒரு கவிதை எழுதப் போவதாகச் சொன்னான். மறுநாள் எழுதியும் வந்தான்.

பதம் பிரித்தல், இணையான அமைப்பு, சூழலை வைத்துப் பொருள் கொள்ளுதல் எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் நடந்துவிட்டன. மனப்பாடம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சண்டை போட்டுப் பிரித்த வரி பாதி மனப்பாடம் ஆகிவிடும். மீதிக்குத் தாளம் தட்டிச் சத்தமாகச் சொன்னால் போதும்.

கேள்வி: எங்களிடம் படம் வரைதல், முகமூடி செய்தல், சார்ட் ஒட்டுதல் என்று 'செயல்பாடு' நிறைய நடக்கிறது. பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் இலக்கியம் கற்கிறார்களா என்று சந்தேகம்.

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. செயல்பாடு நடக்கும்போது பிள்ளையின் கண் எத்தனை முறை புத்தகத்துக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்றால் அது கைவேலை வகுப்பு. கைவேலையும் நல்லதுதான், ஆனால் அதற்குத் தனி நேரம் இருக்கிறது.

இருக்கிற செயல்பாட்டையே மாற்றிவிடலாம். முகமூடி போட்டவரை நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்லச் சொல்லுங்கள். 'ஏன் வீட்டை விட்டுப் போனாய்?' என்று வகுப்பு கேட்கட்டும். சொல்லும் பதிலுக்குக் கதையிலிருந்து ஒரு வரியைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. படம் வரைந்தால் எந்த வரிக்கு வரைந்தது என்று கீழே எழுத வேண்டும். நிறத்துக்கும் காரணம் கேளுங்கள்.

கேள்வி: 55 பேர், 40 நிமிடம். குழுவாவது, நாடகமாவது!

பதில்: பெஞ்சை நகர்த்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவரே குழு. ஒரு கேள்வி, ஒரு நிமிடம் தனியாக யோசிப்பது, இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, பிறகு நான்கு பேரிடம் மட்டும் கேட்பது. எல்லோரும் வாய் திறந்திருப்பார்கள், ஐந்தாறு நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: என்ன கேட்டாலும் நோட்ஸில் உள்ள பதிலையே எழுதுகிறார்கள்.

பதில்: நோட்ஸில் இல்லாத கேள்வி கேளுங்கள். எனக்குக் கை கொடுப்பது கோடிட்ட இடம். வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் 1953-இல் இதை ஒரு பகுதி எவ்வளவு கடினம் என்று அளக்கக் கொண்டுவந்தார். நான் அதை ரசனைக்குப் பயன்படுத்துகிறேன். கவிதையில் ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அங்கே என்ன வரும் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். பலகை நிறையச் சொற்கள் சேர்ந்ததும் கவிஞர் போட்ட சொல்லைக் காட்டுங்கள். அவர் ஏன் இதைப் போட்டார், உங்களுடையது வந்தால் எது கெடும், எது கூடும்? சில சமயம் பிள்ளையின் சொல் அழகாகவே இருக்கும். அதை மனதாரச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகள் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். இன்னும் நான் வாசித்துக் காட்ட வேண்டுமா?

பதில்: கட்டாயம். அவளால் இப்போது தனியே வாசிக்க முடிவதைவிடக் கொஞ்சம் கடினமான கதையை எடுங்கள். நடுநடுவே நிறுத்தி, 'இவன் ஏன் இப்படிச் சொல்கிறான்?' என்று கேளுங்கள். அவள் தூங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு மாணவன் 'இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை' என்று வகுப்பில் சொல்லிவிட்டான். பாடநூல் கதை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பதில்: அவனை நாளைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். படைப்பும் வாசகரும் சந்திக்கும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது என்று இலக்கிய அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938 முதல் சொல்லிவந்தார். அவன் கதையைச் சந்தித்திருக்கிறான், அதனால்தான் பிடிக்கவில்லை. எந்த வரியில் பிடிக்காமல் போனது என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிடித்தது என்று சொன்ன ஒருவரையும் அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இருவரையும் பேச விட்டு நீங்கள் பின்பெஞ்சில் போய் உட்காருங்கள்.