'திப்புக்' தவிர எஸ். அன்-ஸ்கி வேறென்ன செய்தார்?

'திப்புக்' (ஒருவர் உடலில் புகுந்துகொள்ளும் ஆவி) நாடகம் எழுதியதைத் தவிர யூதச் சமூகத்துக்கு எழுத்தாளர் அன்-ஸ்கி என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நாடகத்தைவிட மற்ற வேலைதான் பெரிது.

1863இல் இன்றைய பெலாரூஸில் பிறந்தவர். இயற்பெயர் ஷ்லோய்மே ரப்போபோர்ட். இளமையில் யூத மரபை உதறிவிட்டு, ரஷ்யப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து ரஷ்ய மொழியில் எழுதினார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பக்கம் வந்தது அப்புறம்தான். யூதத் தொழிலாளர் கட்சியான பண்டின் கீதம் அவர் எழுதியது.

1912 முதல் 1914 வரை உக்ரைனின் வொலின், பொதோலியா பகுதிகளில் ஊர் ஊராக அலைந்து யூதர்களின் கதை, தாயத்து, பழைய கையெழுத்துப் பிரதி என்று கிடைத்ததையெல்லாம் திரட்டினார். அவரும் குழுவினரும் பாட்டுகளை, அந்தக் கால ஒலிப்பதிவு முறையான மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். கருவில் இருப்பதிலிருந்து செத்த பிறகு என்ன ஆகும் என்பது வரை 2,087 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றையும் தயாரித்தார்கள். (பதில் சொல்பவர்கள் பாவம்!) அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. இன்றைய போலந்து, உக்ரைன் எல்லையில் இருக்கும் கலீசியாவுக்குப் போய், ரஷ்ய ராணுவம் சூறையாடிய ஊர்களில் யூதர்களுக்கு நிவாரணம் கொடுத்தார். அங்கே கண்டதை யித்திஷில் எழுதி வைத்தார்.

1920 நவம்பரில் வார்சாவில் இறந்தார். முப்பதாம் நாள் துக்கம் முடிந்த கையோடு வில்னா நாடகக் குழு அங்கேயே 'திப்புக்'கை முதன்முறையாக மேடையேற்றியது.