ஐந்து கட்டையும் ஒரு கட்டையும்

அன்புள்ள ஐயா,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடம் பாட்டு கற்றவள். வங்கி வேலையை விட்டபின் ஒன்றரை வருடமாகப் பெரியவர்களுக்கு மட்டும் ஜூமில் கர்நாடக சங்கீதம் சொல்லித் தருகிறேன். இப்போது 11 பேர். வாரம் இரண்டு தனி வகுப்பு, மாதம் 1,500 ரூபாய். நாலைந்து மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். புதிதாக ஆள் தேடுவதிலேயே பொழுது போகிறது. கட்டணத்தைக் குறைக்கலாமா? பாடங்களைப் பதிவுசெய்து விற்கலாமா? நீங்களும் நாற்பதுக்கு மேல் பாட்டு கற்றதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

கற்றேன் என்பதைவிட விட்டேன் என்பதே சரி. நாற்பத்துநாலு வயதில் சேர்ந்து ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியோடு நின்றுபோனவன் நான். ஆகவே நின்றுபோகிறவர்கள் தரப்பிலிருந்து சொல்கிறேன்.

கட்டணம் எனக்கு உறுத்தவே இல்லை. ஒரு வாரம் ஆபீசில் ஆடிட், வீட்டில் பாடிப் பழகும் சாதகம் செய்யவில்லை. அடுத்த வாரம் மகனுக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் டீச்சர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, ‘நெட் சரியில்லை’ என்று பொய் சொன்னேன். நாலாவது வாரம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. குழந்தை என்றால் அம்மா இழுத்து உட்கார வைப்பாள், என்னை யார் இழுப்பது? ‘வாங்க’ என்று டீச்சர் ஒரு வரி எழுதியிருந்தால் போயிருப்பேன். பணத்துக்காகக் கூப்பிடுவதாக நினைப்பேனோ என்று அவருக்கும் கூச்சம் இருந்திருக்கலாம்.

அதனால் மாதக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். பத்து வகுப்புக்கு இவ்வளவு என்று முன்பணம், நாலு மாதத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் வராதவருக்கு நஷ்டமில்லை, பாக்கி வகுப்பு இருப்பதாலேயே திரும்பி வருவார். வந்த அன்று பழைய பாடத்தை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்.

கட்டணத்தைக் குறைக்கவே வேண்டாம். வாரம் 22 வகுப்பு எடுத்து மாதம் 16,500 ரூபாய் என்பதே கட்டுப்படியாகாது, தொண்டைதான் போகும். தனி வகுப்புக்குக் கூடுதலாக வாங்குங்கள், மற்றவர்களை நாலு நாலு பேராகச் சேருங்கள். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம். பாடத்தை வைத்துச் சேர்க்காதீர்கள், சுருதியை, அதாவது அவரவர் குரலுக்கு ஏற்ற ஆதார உயரத்தை, வைத்துச் சேருங்கள்.

அந்த உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் உயரம் கூடும். என் டீச்சருக்கு 5 கட்டை. அவர் பாடியதை அதே சுருதியில் திருப்பிப் பாடப் போய், மேல் ஸட்ஜத்தில் (மேல் ‘ஸ’) கத்தினேன், கீழே இறங்கினால் குரல் வரவில்லை. எனக்குக் குரலே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து நண்பர் ஒருவர் தம்பூரா செயலியை 1 கட்டையில் வைத்தபோது, முதல் பாடமான சரளி வரிசை அதுபாட்டுக்கு வந்தது! ஐம்பதைத் தாண்டிய பெண்களிலும் பலருக்கு 5 கட்டை எட்டாது, நாலோ நாலரையோ வைத்துப் பாருங்கள். முதல் வகுப்பு முழுவதும் சுருதி பார்ப்பதற்கே போனாலும் பரவாயில்லை. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தம்பூராவை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். குரல் தாமதமாகப் போய்ச் சேர்வதால் எல்லாரும் சேர்ந்து பாட முடியாது. நீங்கள் பாடும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடட்டும், பிறகு ஒவ்வொருவராகத் திறந்து பாடிக்காட்டட்டும். மற்றவர் தப்புவதைக் கேட்டால் நம் வெட்கம் பாதி போய்விடும்.

பாடங்களைப் பதிவுசெய்யுங்கள், ஆனால் விற்க வேண்டாம். தானாகப் பார்த்துக் கற்கும் ஒழுங்கு இருந்தால் அவர்கள் ஏன் நின்றுபோகிறார்கள்? அந்தந்தக் குழுவின் சுருதியில் ஐந்து நிமிட ஆடியோவாகக் கொடுங்கள், காரில் போகும்போது பாடிக்கொள்வார்கள்.

அப்புறம், ஏழு தாளங்களுக்கான அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சி முழுவதும் முடிந்தபிறகுதான் கீதம் என்ற எளிய பாட்டு என்று காக்கவைக்காதீர்கள். மூன்றாம் மாதமே மலஹரி ராகத்து ‘ஸ்ரீ கணநாத’ கீதத்தைச் சொல்லிக்கொடுங்கள். மலஹரி, சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் பிறந்ததுதானே, சரளி வரிசையில் பழகிய ஸ்வரங்களே வரும். உங்கள் குரு கோபித்துக்கொள்ளலாம். அலங்காரத்தைப் பக்கத்திலேயே நடத்துகிறேன் என்று சமாதானம் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ‘ஒரு பாட்டுப் பாடு’ என்று கேட்டால் பாட எனக்கு ஒன்றுமே இருந்ததில்லை.

புதிய ஆள் தேடுவதை ஒரு மாதம் நிறுத்திவைத்துவிட்டு, நின்றுபோனவர்களுக்கு ஆளுக்கொரு வரி எழுதுங்கள். விஜயதசமியைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம். பணத்தைப் பற்றி அதில் பேச்சே வேண்டாம்.