நைரோபியில் வீடு பார்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் அலுவலகம் வெஸ்ட்லேண்ட்ஸில் இருக்கிறது. குடும்பத்துடன் வாடகைக்கு எந்தப் பகுதி நல்லது?

பதில்: முதலில் பார்க்லேண்ட்ஸ், பிறகு கிலெலெஷ்வா. பார்க்லேண்ட்ஸில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கோயிலுக்கும் நம் மளிகைக்கும் அலைய வேண்டியதில்லை. கேரன் அழகான பகுதிதான், ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு வெகுதூரம். காலை நெரிசலில் தினமும் அவதிப்படுவீர்கள். எங்கே பார்த்தாலும் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். நைரோபியில் குழாய்த் தண்ணீர் முறைவைத்து வருகிறது. ஆழ்துளைக் கிணறு உண்டா, ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கு மட்டுமா, வீட்டுக்கும் சேர்த்தா என்று அங்கே குடியிருப்பவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: வீட்டைக் காட்டும் முன்பே எம்-பெசாவில் (கைபேசி வழிப் பணப் பரிமாற்றச் சேவை) முன்பணம் அனுப்பச் சொல்கிறார் தரகர்.

பதில்: அனுப்பாதீர்கள். வீட்டை நேரில் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் பணம். பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்குக் கென்யக் குடியுரிமை இல்லை. நிலத்தோடு வீடு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், குத்தகை உரிமையாக மட்டும். 2010 அரசியலமைப்பின் 65ஆம் பிரிவு வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 99 ஆண்டுகள்தான் தருகிறது. விற்பவரிடம் முழு உரிமையே இருந்தாலும், உங்கள் கைக்கு வரும்போது அது 99 ஆண்டுக் குத்தகையாகவே கருதப்படும். ஏற்கெனவே குத்தகையில் உள்ள வீடென்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று விவசாய நிலத்தின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

கேள்வி: கென்ய அரசின் நிலப் பதிவு இணையதளமான அர்திசாசாவில் தேடினேன். உரிமையாளர் பெயர் சரியாக இருக்கிறது, அடமானமும் இல்லை. இனியும் வழக்கறிஞர் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. அந்தத் தேடல் இன்றைய நிலையைக் காட்டும். அந்த நிலம் முதலில் யாருக்கு, எப்படிக் கிடைத்தது என்பதைத் தாய்ப் பத்திரம்வரை பின்னோக்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும். மொம்பாசா கடற்கரை நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் கென்ய உச்ச நீதிமன்றம் 2023இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் ஒதுக்கீடே முறைகேடு என்றால், பின்னால் பணம் கொடுத்து வாங்கியவரைப் பத்திரம் காப்பாற்றாது. அவர் அறியாமல் வாங்கியிருந்தாலும் அதே கதிதான். 2018இல் நைரோபியில் ஆற்றோரம் கட்டிய வணிக வளாகங்களையே அரசு இடித்தது. ஆகவே நில அளவையாளரை நேரில் அழைத்துச் சென்று, சாலைக்கோ ஆற்றுக்கோ உரிய இடம் உள்ளே வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். விற்பவரின் குடும்ப வீடென்றால் அவருடைய கணவர் அல்லது மனைவியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். வழக்கறிஞர் உங்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும். விற்பவரின் வழக்கறிஞரையே வைத்துக்கொண்டால் செலவு குறையும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: விலைக்கு மேல் எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பதில்: நகர்ப்புறத்தில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அது வாங்குபவர் தலையில்தான் விழும். அரசு மதிப்பீட்டாளர் வைக்கும் மதிப்பு நீங்கள் பேசிய விலையைவிடக் கூடினால், அந்தக் கூடுதல் மதிப்புக்கே தீர்வை கட்ட வேண்டும். வழக்கறிஞர், நில அளவையாளர் கட்டணங்கள் தனி.